இடைவழியில் நின்றுபோகும் ஸ்கூட்டர்

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் மூன்று பசுக்களை வைத்துச் சீவியம் நடத்தும் ஒரு தாயை நாம் அறிவோம். 2009 இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, முகாமில் இருந்து, பின்னர் தமது சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தவர். அவரது வீட்டிலிருந்து பால் சேகரிப்பு நிலையம் ஏழு கட்டை தூரம். காலை எட்டு மணிக்கு முன் பால் அங்கே போய்ச் சேர வேண்டும். பிந்தினால் நிலையத்தில் இருப்பவர் பாலில் அற்ககோல் விட்டுப் பார்ப்பார். திரைந்தால் கலனோடு திருப்பி அனுப்பிவிடுவார். அதிலே கோபிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருவரின் புளித்த பால் தாங்கியில் இருக்கும் அத்தனை பேரின் பாலையும் கெடுத்துவிடும்.

இதற்காகவே அவர் பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தவணைக் காசுக்கு வாங்கினார். வாங்கிய முதல் மாதம் நன்றாக ஓடியது. மாரி தொடங்கியபின் அது ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் கட்டை தாண்டும்போது இழுவை குறையும். அக்சிலேற்றரை எவ்வளவு முறுக்கினாலும் ஏறாது. இரண்டு மூன்று தடவை விக்கிவிட்டு நின்றுவிடும். உதைத்தாலும் பயனில்லை. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றும் நடவாததுபோல் ஓடத் தொடங்கும். மீண்டும் இரண்டு கட்டை போய் நிற்கும். நிற்கும் இடமோ இருபுறமும் காடு. யானை கடக்கும் பாதை.

அவர் கராஜுக்குக் கொண்டுபோனார். பிளக் மாற்றினார்கள். அடுத்த கிழமை கொயில் மாற்றினார்கள். பிறகு பற்றறி. காபரேற்றரை இரண்டு தடவை கழற்றிக் கழுவினார்கள். இரண்டு மாதப் பால் காசு அதிலே போயிற்று, தவணையும் பிந்தியது. ஸ்கூட்டர் மட்டும் மூன்றாம் கட்டையில் நிற்பதை விடவில்லை.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் சந்தியில் புளியமரத்தின் கீழ் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்தும் ஒரு முதியவர். அவர் ஆயுதம் எதையும் கையில் எடுக்கவில்லை. “பிள்ளை, எவ்வளவு தூரத்திலை நிக்குது? டக்கெண்டு நிக்குதோ, இழுத்து இழுத்து நிக்குதோ? எவ்வளவு நேரத்தாலை திரும்ப ஓடுது?” என்று கேட்டார். பிறகு, “மழை தொடங்கினாப் பிறகு இதிலை ஏதும் செய்தனியோ?” என்றார். “ஒண்டும் செய்யேல்லை ஐயா. தண்ணி இறங்குமெண்டு ராங்கி மூடிக்குக் கீழை பொலித்தீன் வைச்சு இறுக்கினனான், அவ்வளவுதான்” என்றார் அந்தத் தாய்.

குறை அதுதான். மூடியைத் திறந்தபோது உஸ் என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தத்தை அவரும் கேட்டார்.

ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை வேண்டும். பெற்றோல் ராங்கியும் அப்படியே. பெற்றோல் கீழே இறங்க இறங்க அதன் இடத்துக்கு மேலிருந்து காற்று வரவேண்டும். அதற்காக மூடியிலோ ராங்கியின் மேற்பகுதியிலோ ஒரு சிறு காற்று வழி விட்டிருப்பார்கள். அது அடைபட்டால் ஸ்கூட்டர் உடனே நிற்காது. காபரேற்றரின் சிறு கிண்ணத்தில் இருக்கும் பெற்றோலும், ராங்கியில் ஏற்கெனவே இருக்கும் காற்றும் சிறிது தூரத்துக்குப் போதும். பின்னர் ராங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, வரும் பெற்றோல் சொட்டுச் சொட்டாகக் குறையும். இழுவை குறைவதும் விக்குவதும் அதனால்தான். நிறுத்தி வைத்தால் எங்காவது ஒரு கீறலால் காற்று மெல்ல உள்ளே போகும். பெற்றோல் மறுபடி இறங்கும். மாற்றிய கொயிலுக்கும் பற்றறிக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்தக் கதையை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களுள் பலரிடம் இன்று இருப்பது பழைய ஸ்கூட்டர். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பல ஆண்டுகளாகப் பழையனவே கைமாறின; விலையும் ஏறியது. சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோவதும், பிள்ளையை ரியூசனுக்குக் கூட்டிப்போவதும், கிளினிக்குக்குப் போவதும் அதிலேதான். கராஜ்காரருக்குத் தெரியாத ஒன்றை நாம் கற்றுத்தரப் போவதில்லை. ஆனால் வழியில் நிற்கும்போது கூட இருப்பவர் நீங்கள்தான். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் கவனித்துச் சொல்லக்கூடியவரும் நீங்கள்தான்.

எப்படி நின்றது?

ஓடும் ஸ்கூட்டர் இரண்டு விதமாக நிற்கும். பலம் மெல்லக் குறைந்து, விக்கி, இருமி நின்றால் பெரும்பாலும் பெற்றோலின் குறை; அல்லது காற்றின் குறை. சுவிற்சை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் செத்துப்போனால் பெரும்பாலும் மின்பொறியின் குறை. என்ஜின் இறுகுவதுபோல் தோன்றிப் பின்சில்லு பிடிபட்டு நின்றால் அது சூட்டினாலோ ஒயில் இல்லாமையாலோ வந்தது. அப்போது உதைக்கவே கூடாது. இந்த மூன்றையும் பிரித்து அறிந்தாலே பாதி வேலை முடிந்தது.

நான்காவது ஒன்றும் உண்டு. என்ஜின் வழமையைவிடக் கூடச் சத்தம் போடுகிறது, வண்டி மட்டும் ஏறவில்லை என்றால் என்ஜினில் குறையே இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் என்ஜினின் பலத்தைப் பின்சில்லுக்குக் கொண்டுபோவது ஒரு றபர் பெல்ற். அது தேய்ந்திருக்கும், அல்லது கிளச் வழுக்கும். இதற்குப் பிளக் மாற்றுபவரிடமிருந்து ஸ்கூட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நிற்கப்போகிறது என்று தெரிந்தவுடன் அந்த ஓட்டத்திலேயே தெருவின் கரைக்கு எடுங்கள். மதகின் மேலும் வளைவிலும் நிறுத்தவேண்டாம். ஏ9 வீதியிலும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும் இரவில் வரும் லொறிக்கு விளக்கில்லாமல் நிற்கும் ஸ்கூட்டர் தெரியாது. பிள்ளைகளை வீதியிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலை.

பெற்றோல் வருகிறதா?

முதலில் ராங்கியைத் திறந்து பாருங்கள். பெற்றோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. பழைய ஸ்கூட்டர்களின் அளவு காட்டும் முள் பொய் சொல்லும். திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். திறந்து மூடியவுடன் உதைக்க ஓடினால் காற்று வழியில்தான் குறை. பொலித்தீன் வைத்தவர் அந்தத் தாய் ஒருவர் மட்டுமல்ல. தூசும் சேறும் அந்தத் துளையை மூடும். குளவியும் மூடும். சாம்பல் நிற மண்ணால் கூடு கட்டும் அந்தச் சிறு குளவிக்கு ஒரு இறப்பர்க் குழாயின் முனை என்றால் மிகவும் விருப்பம். ஒரு மாதம் ஓடாமல் தாழ்வாரத்தில் நின்ற ஸ்கூட்டரென்றால் குழாய் முனைகளை முதலில் பாருங்கள்.

அடுத்தது ராங்கியிலிருந்து காபரேற்றர் வரையுள்ள பாதை. காபரேற்றரின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு திருகாணி இருக்கும். என்ஜின் ஆறியபின் அதற்குக் கீழே ஒரு சிறு கண்ணாடிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தளர்த்தினால் பெற்றோல் வடியும். திறப்பான் உள்ள பழைய வண்டிகளில் அது திறந்திருக்கும்போது நூல்போல் தொடர்ந்து வரவேண்டும். கொஞ்சம் வந்து நின்றுபோனால் பில்ரரிலோ, திறப்பானிலோ, குழாயிலோ அடைப்பு. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றில் திறப்பானைக் கையால் திறக்க முடியாது. என்ஜின் சுற்றும்போது உண்டாகும் உறிஞ்சலே ஒரு மெல்லிய குழாய் மூலம் அதைத் திறக்கும். அவற்றில் சும்மா நிற்கும்போது கிண்ணத்தில் உள்ளது மட்டுமே வடிந்து நிற்கும். அதைக் கண்டு அடைப்பென்று எண்ணவேண்டாம். ஒருவர் உதைக்க மற்றவர் பார்க்கவேண்டும். அந்த மெல்லிய குழாய் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் பெற்றோல் நிறைந்த ராங்கியோடு ஸ்கூட்டர் தாகத்தால் நிற்கும்.

காபரேற்றருக்குள் பெற்றோல் போகும் பித்தளைத் துளைகள் மயிரளவு நுண்ணியவை. மெல்லப் போகும்போது ஓடி, முறுக்கும்போது மட்டும் சாகிறதென்றால் பெரிய துளையில் தூசு. முறுக்கும்போது ஓடி, கையை விட்டவுடன் நிற்கிறதென்றால் சிறிய துளையில். இவற்றைக் கம்பியால் குத்தவே கூடாது. பித்தளை மெதுவானது, துளை பெருத்துவிட்டால் அதன்பின் பெற்றோல் தண்ணீராய்ச் செலவழியும். சைக்கிள் பம்மால் ஊதினால் போதும்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஓகஸ்ட் மாதத்தில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். அதற்கு முன் பல வீடுகளில் ஸ்கூட்டர் மாதக்கணக்காக நின்றது. கிண்ணத்தில் நின்ற பெற்றோல் காற்றோடு கலந்து பிசினாக மாறித் துளைகளை மூடியது. பிளாஸ்ரிக் கலன்களில் சேர்த்து வைத்த பெற்றோலில் கலனின் தூசும் சேர்ந்தது. நீண்ட நாள் ஓடாமல் நிறுத்துவதென்றால் கிண்ணத்துப் பெற்றோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

தண்ணீரும் கலப்படமும்

வடித்த போத்தலை ஒரு நிமிடம் ஆடாமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கண்ணாடி மணிபோல் தனியாக உருளும் துளிகள் இருந்தால் அது தண்ணீர். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரமானது. கீழே போய் நிற்கும். காபரேற்றரும் பெற்றோலை அடியிலிருந்தே எடுப்பதால், ஒரு தேக்கரண்டி தண்ணீர் போதும் ஸ்கூட்டரை நிறுத்த. மேட்டில் ஏறும்போதும் குழியில் விழுந்து எழும்பும்போதும் மட்டும் நிற்கிறதென்றால் ராங்கிக்குள் தண்ணீர் அலைகிறதா என்று சந்தேகியுங்கள். மாரியில் மூடியின் றபர் வளையம் வெடித்திருந்தால் தண்ணீர் இறங்கும். அந்தத் தாய் பயந்தது நியாயமான பயம்தான். ஆனால் மாற்றவேண்டியது வளையத்தை. மழைக்குப் பொலித்தீன் போடுவதென்றால் மூடிக்கு மேலே, தளர்வாக, நிறுத்தி வைக்கும்போது மட்டும் போடலாம்.

தெருவோரக் கடையில் போத்தலில் வாங்கும் பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். சந்தேகமானால் வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் அடையாளம் இல்லாமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். இரண்டடிப்பு என்ஜினுக்காக ஒயில் கலந்த பெற்றோலுக்கு இந்தச் சோதனை சரிவராது; அதுவும் கறைவிடும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் அதை நினைவில் வையுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

“அப்ப மண்ணெண்ணெயிலைதானே எல்லாம் ஓடினது, இப்ப மட்டும் ஏன் ஓடாது?” என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் அரிதாகி, யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை ஒரு தலைமுறை கண்ணால் கண்டது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு விட்டார்கள். பெற்றோல் போத்தலைக் கோயில் தீர்த்தம்போல் காத்த காலம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பியபோது சாவகச்சேரி நோக்கிப் போனவர்களுள் அப்படி ஓடிய ஹொண்டா 50 களில் மூட்டையைக் கட்டிப் போனவர்களும் உண்டு.

ஆனால் அந்த என்ஜின்கள் பட்ட பாட்டைச் சொல்பவர்கள் குறைவு. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்ரனின் ஓரத்தால் இறங்கி ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கும். பிளக் கரி பிடிக்கும். ஏற்றத்தில் என்ஜின் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். எரிபொருள் தன் நேரத்துக்கு முன் வெடிப்பதன் சத்தம் அது. அன்று ஓடியவை குறைந்த அழுத்தத்தில் இயங்கும் பழைய என்ஜின்கள். இன்றைய ஸ்கூட்டர் கூடிய அழுத்தத்தில் ஓடுவது. அதற்கு மண்ணெண்ணெய் விட்டால் வெகுதூரம் போகாது. பெற்றோலைப் பம் மூலம் பீச்சும் புதிய வகைக்கு விட்டால் பம்மும் பழுதாகும்.

நெருப்பு வருகிறதா?

திடீரென்று செத்த ஸ்கூட்டரில் முதலில் பார்க்க வேண்டியது பிளக் தொப்பி. சில வேளை அது குலுக்கத்தில் கழன்று தொங்கும், அழுத்தினால் தீர்ந்தது. இல்லையேல் பிளக்கைக் கழற்றி, தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை என்ஜின் உலோகத்தில் தொடவைத்து உதைத்துப் பாருங்கள். நீல நிறமாய்ச் சடசடவென்று பொறி பாய வேண்டும். சிவந்து மெலிந்திருந்தால் பலவீனம். இதைச் செய்யும்போது பெற்றோல் வடித்த போத்தலைத் தூர வைத்துவிடுங்கள். பிளக் துளைக்கு அருகிலும் பிடிக்கவேண்டாம். துளையால் பெற்றோல் புகை வரும். குப்பி விளக்கோ சிகரெட்டோ கிட்ட இருக்கவே கூடாது.

கழற்றிய பிளக் ஒரு சாட்சிக்காரர். முனை பிஸ்கற் நிறமாக இருந்தால் என்ஜின் சுகமாயிருக்கிறது. வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்றுப் புகுகிறது. காய்ந்த கரியென்றால் பெற்றோல் கூடுகிறது, அல்லது எயார் பில்ரர் அடைபட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கான கறுப்பென்றால் உள்ளே ஒயில் எரிகிறது. பெற்றோலில் நனைந்திருந்தால் பெற்றோல் வந்தது, நெருப்புத்தான் வரவில்லை. முனை இடைவெளி பல சிறு என்ஜின்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர், உங்கள் ஸ்கூட்டரின் புத்தகத்தில் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சூடேறியபின் மட்டும் நிற்கும் ஸ்கூட்டர்தான் கராஜ்காரரை அலைக்கழிப்பது. கொயிலுக்குள் உள்ள மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் ஒட்டும். கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். அங்கே பார்த்தால் நல்ல பொறி வரும். “ஒரு குறையும் இல்லை அக்கா” என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே நின்ற இடத்திலேயே, அந்தச் சூட்டிலேயே பொறி பார்க்க வேண்டும். சூட்டில் பொறி இல்லை, ஆறியபின் உண்டு என்று நீங்கள் சொன்னால், பார்க்கவேண்டியவை கொயிலும் அதைச் சார்ந்த மின் பாகங்களும்தான். மிகப் பழைய ஸ்கூட்டர்களில் பொயின்ற், கொண்டென்சர் இருக்கும். அவையும் இதே விளையாட்டைக் காட்டும். இங்கே ஒரு குழப்பம் வரும். ராங்கிக் காற்று வழி அடைபட்டதும் சிறிது நேரம் கழித்துத்தான் ஓடும், கொயில் சுட்டதும் சிறிது நேரம் கழித்துத்தான் ஓடும். அந்தத் தாயின் கொயிலை மாற்றியவர் இதில்தான் வழிதவறினார். ராங்கி மூடியைத் திறந்து பார்க்கும் ஒரு நிமிட வேலை இரண்டையும் பிரித்துவிடும்.

கைபிடியை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் செத்தால் கழுத்துப் பகுதியில் வயர் தேய்ந்திருக்கிறது. எமது வேலைக்குப் பாவித்த ஸ்கூட்டர் ஒன்றில் இந்தக் குறை இருந்தது. வலப்பக்க ஒழுங்கைகளுக்குத் திரும்பும்போதெல்லாம் நின்றது. இடப்பக்கம் ஒருநாளும் நின்றதில்லை. அதைப் புரிந்துகொள்ள எமக்கு ஒரு மாதம் எடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மழையில் மட்டும் நின்றால் சாவிச் சுவிற்சும் பிளக் வயரும் ஈரம் பிடிக்கின்றன. இருட்டில் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் வெடித்த வயரிலிருந்து பொறி கசிவது கண்ணுக்குத் தெரியும், கை வைக்கவேண்டாம்.

மூச்சும் சூடும்

எயார் பில்ரரைத் தட்டித் துடைப்பது கராஜ் வேலை அல்ல. கிறவல் வீதியில் ஓடும் ஸ்கூட்டருக்குப் புத்தகத்தில் சொன்ன காலத்தைவிட அடிக்கடி அது வேண்டும். கடதாசி வகையைத் தண்ணீரில் கழுவினால் கெட்டுவிடும்.

மூச்சு உள்ளே போவதுபோல் வெளியேயும் போகவேண்டும். பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் பழைய இரண்டடிப்பு ஸ்கூட்டர்களில் சைலன்சர் மெல்ல மெல்லக் கரி பிடித்து மூடும். மாதாமாதம் இழுவை குறையும். ஒருநாள் ஏற்றத்தில் நிற்கும். கரியைச் சுரண்டினால் தீரும். ஒயிலைக் கூட விட்டால் என்ஜினுக்கு நல்லது என்று நினைத்து விடுபவர்களுக்கே இது விரைவில் வரும். பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு அளவு நூற்றுக்கு இரண்டு. ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். ஒயில் விட மறந்தால் நடப்பது அதைவிடக் கொடியது: பிஸ்ரன் இறுகி ஓடும்போதே பின்சில்லு பிடிபடும். அப்படி ஆனால் ஆறவிடுங்கள். உதைத்து உதைத்து உள்ளே கீறலைப் பெருப்பிக்கவேண்டாம்.

நான்கடிப்பு ஸ்கூட்டர்களுக்கு ஒயில் அடியில் தனியாக இருக்கிறது. பெரும்பாலும் ஒரு லீற்றருக்கும் குறைவு. அதில் கால்பங்கு எரிந்து குறைந்தாலே பெரிய குறைதான். ஒயில் கம்பியைக் கிழமைக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். சூட்டில் மட்டும் பலம் குறைந்து, தொடக்குவதற்கும் கஷ்டம் கொடுத்தால் வால்வு இடைவெளி குறைந்திருக்கலாம். ஹொண்டா 50 இல் அந்த இடைவெளி 0.05 மில்லிமீற்றர் மட்டுமே. அது இல்லாமற் போனால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும். இதை அறிந்தவர்தான் சரிசெய்ய வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் என்ஜின் வெளியே காற்றில் இருக்கிறது. ஸ்கூட்டரின் என்ஜினோ கவசத்துக்குள் இருக்கிறது. காற்றாடி ஒன்று ஊதித்தான் ஆறுகிறது. அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றும் ஸ்கூட்டரில் அந்தக் காற்றாடியின் வாயைத் தும்பும் பதரும் மூடிவிடும். எலி கூடு கட்டுவதும் உண்டு. கவசத்தின் துளைகளைக் கையால் துடைத்துவிட்டாலே பல சூட்டுக் குறைகள் தீரும்.

சுமையையும் சொல்லவேண்டும். ஓட்டுபவர், பின்னால் ஒரு பிள்ளை, முன்னால் 50 கிலோ மாட்டுத் தீவன மூட்டை என்று ஏற்றி, ரயரில் காற்றும் குறைந்திருந்தால், இழுக்கவில்லை என்று என்ஜினைக் குற்றஞ்சொல்ல முடியாது. நடு ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இலேசாகச் சுழலாவிட்டால் பிறேக் உரசுகிறது. சேற்றில் ஓடியபின் இது அடிக்கடி வரும். சோதிக்கும்போது மூடிய கொட்டிலுக்குள் என்ஜினை ஓடவிடவேண்டாம். அந்தப் புகையின் நஞ்சுக்கு மணமில்லை.

கராஜுக்குப் போகும்போது

ஸ்கூட்டர் எத்தனை கட்டை ஓடியபின் நின்றது, விக்கியதா வெட்டியதுபோல் நின்றதா, சூட்டிலா குளிரிலா, மழையா, ஏற்றமா, எவ்வளவு நேரத்தில் மறுபடி ஓடியது, கடைசியாக எங்கே பெற்றோல் அடித்தீர்கள், அண்மையில் எதை மாற்றினீர்கள் என்பவற்றைப் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்ற விடவேண்டாம். எது குறையென்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நன்றாக இருக்கும் பழைய கொயில் பிறகு ஒருநாள் உதவும். இருக்கைக்குக் கீழே பிளக் ஸ்பனர், ஒரு பிளக், ஸ்குறூட்றைவர், துணித்துண்டு, சிறு கண்ணாடிப் போத்தல் ஆகியவற்றைச் சுற்றி வைத்திருங்கள். புதிய பீச்சு வகை ஸ்கூட்டரானால் பெற்றோல் குழாயைக் கழற்றவேண்டாம்; உள்ளே அழுத்தம் உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்ததா, எத்தனை தடவை மின்னியது என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

அந்தத் தாயின் ஸ்கூட்டருக்குப் புளியமரத்தடி ஐயா மூடியின் றபர் வளையத்தை மாற்றி, காற்றுத் துளையை ஊதிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்து, வளையத்தின் விலையை மட்டும் எடுத்தார். அடுத்த நாள் காலை அவருக்கு ஒரு போத்தல் பால் போயிற்று. அந்தத் தாய் கழற்றிய கொயிலையும் கராஜில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். பற்றறியை அவர்கள் ஏற்கெனவே விற்றுவிட்டார்களாம்.